அத்தானின் டிராக்டரும் மச்சினனின் லோடரும்

பகவதி மூன்று வருஷத்தில் நடந்த நடையைச் சேர்த்து வைத்தால் நாகர்கோவிலுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கலாம். அத்தனையும் இரண்டே வீட்டுக்கு நடுவில் நடந்த நடை. பட்டணத்தின் தம்பானூர் பஸ் நிலையத்தில் காட்டாக்கடை பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் மலையின்கீழ் என்ற ஊர் வரும். அங்கே இறங்கி, ரப்பர் மரங்களுக்கு ஊடே போகும் இடவழியில் முதல் வளைவில் அவள் புருஷன் தாணுமாலயனின் வீடு. மூன்றாம் வளைவில் தம்பி நாகேஸ்வரனின் வீடு. அத்தானுக்கும் மச்சினனுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. ஆனால் பேச வேண்டிய காரியங்கள் பேச்சு நின்றதும் நின்றுவிடுமா? வாழைக்குலை பழுக்கிறது, கரண்ட் ஆபீஸ்காரன் வருகிறான், கோவில் உத்சவத்துக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்கள். எல்லாவற்றையும் பகவதிதான் சுமந்தாள்.

சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோகிறவள் இல்லை அவள். அரிசி களைகிற மாதிரி வார்த்தையைக் களைந்து, கல்லும் உமியும் போக்கித்தான் கொண்டுபோவாள். "அந்த நன்றி கெட்டவன்கிட்ட சொல்லு, கொல்லையில குலை பழுத்துட்டு, வேணும்னா வந்து வெட்டிக்கிடட்டும்" என்று புருஷன் சொன்னால், மூன்றாம் வளைவு போய்ச் சேரும்போது அது "அத்தான் ஒனக்குன்னு ஒரு குலை வச்சிருக்காவ" என்று ஆகியிருக்கும். "அவருக்க பழம் ஆருக்கு வேணும்" என்று தம்பி சொன்னால், திரும்பி வரும்போது "அவனுக்கு வயிறு சரியில்லையாம், பிறகு வாறேன்னான்" என்று ஆகியிருக்கும். இப்படிக் களைந்து களைந்துதான் இரண்டு வீட்டிலும் அடுப்பு ஒழுங்காக எரிந்தது.

பகவதியின் தாயார் வடிவாம்பாளுக்கு ஊர் பூதப்பாண்டி. அவளுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் பகவதி; எட்டு வருஷம் கழித்து நாகேஸ்வரன். பகவதியைப் பத்தொன்பது வயதில் தாணுமாலயனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவருக்குச் சாலைக் கம்போளச் சந்தையில் புளி மொத்த வியாபாரக் கடையில் வேலை. கரமனையில் ஒற்றை அறை வாடகை வீடு. கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் திரும்புமுன் வடிவாம்பாள் போய்ச் சேர்ந்தாள். தகப்பனார் முன்னமே இல்லை. பன்னிரண்டு வயதுப் பயலை யார் பார்ப்பது என்று சித்தப்பா, பெரியப்பா வகையில் எல்லோரும் கூடி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, தாணுமாலயன் பயலுடைய டிரங்குப் பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அவ்வளவுதான். அந்த ஒற்றை அறையில் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே மச்சினன் வளர்ந்தான். பகவதிக்குப் பதினாலு வருஷம் பிள்ளை இல்லை. மகள் அஞ்சு பிறக்கிற வரைக்கும் அவர்களுக்கு இருந்த பிள்ளை நாகேஸ்வரன்தான்.

இதற்குள் அவனுக்கும் கல்யாணம் ஆகி, அஞ்சுவுக்கு முன்னாலேயே விபின் பிறந்திருந்தான். விபின் எட்டாம் கிளாஸ் படிக்கும்போது அவன் தாயார் சுசீலாபாய் மஞ்சள்காமாலையில் போனாள். அன்றிலிருந்து பகவதி காலையில் மூன்று சோற்றுப் பொதி கட்டினாள்: புருஷனுக்கு ஒன்று, அஞ்சுவுக்கு ஒன்று, விபினுக்கு ஒன்று. அந்தக் காலத்தில்தான் இரண்டு குடும்பமும் மலையின்கீழில் ஒரே இடவழியில் நிலம் வாங்கி வந்தது.

புளிக்கடை வேலையை விட்ட பிறகு தாணுமாலயனுக்கு ஒரு யோசனை. பட்டணத்தில் மொட்டைமாடிதோறும் பைகளில் வெண்டையும் தக்காளியும் வளர்க்கிறார்கள். எல்லோருக்கும் மண் வேண்டும், உரம் வேண்டும். சாணமும் தேங்காய்நார்த் தூளும் கலந்து மட்க வைத்து விற்றால் என்ன? கையிலிருந்ததைப் போட்டு ஒரு குட்டி டிராக்டர் வாங்கினார். ஆள் தோளுக்கு மேல் உயரம் வராத வண்டி. எந்தச் சந்திலும் நுழையும். மண்வெட்டியால் அள்ளி அள்ளி இடுப்பு ஒடிவதைப் பார்த்து, நாகேஸ்வரன் தன் பங்குக்குக் கோயம்புத்தூரில் சொல்லி அதன் முன்னால் மாட்டுகிற லோடர் ஒன்று செய்வித்துக் கொண்டுவந்தான். இரண்டு இரும்புக் கை, நுனியில் ஒரு பக்கெட். மண்ணை அள்ளும், தூக்கும், கவிழ்க்கும். வேண்டாதபோது கழற்றிவைக்கலாம். வண்டி அத்தானுடையது, கை மச்சினனுடையது என்று ஊரில் சிரிப்பார்கள். எட்டு வருஷம் அந்தக் கை அந்த வண்டியில் மாட்டியபடியே இருந்தது. கழற்ற ஒரு முகாந்திரமும் வரவில்லை.

வந்தது விபினின் கல்யாணத்தன்று.

அன்று காலையில் தாணுமாலயன் டிராக்டரில் மூன்று நடை போனார். அண்டா, குண்டான், இலைக்கட்டு, வாடகை நாற்காலி எல்லாம் அதில்தான் நாகேஸ்வரனின் முற்றத்துக்கு வந்தது. மண்டபத்தில் தாலி கட்டு முடிந்து, புதுப்பெண் விளக்கோடு வீட்டுக்குள் கால் வைக்க வேண்டிய நேரம். கார்கள் இடவழியில் ஏறிக்கொண்டிருந்தன. டிராக்டர் முற்றத்தின் நடுவில் நின்றது. நாகேஸ்வரனுக்கு ஆயிரம் பதற்றம். பெண்ணின் தகப்பனார் காரை விட்டு இறங்கிப் பக்கத்தில் வந்து நின்ற நேரமாகப் பார்த்து, "அத்தான், இந்தச் சாணி வண்டிய மொதல்ல எடுத்து மாத்துங்க" என்று சொல்லிவிட்டான்.

தாணுமாலயன் பட்டு வேட்டியில் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். பக்கெட்டைத் தரையில் பதிய இறக்கினார். இறங்கி, லோடரைத் தாங்குகிற இரண்டு முட்டுக்கால்களையும் ஊன்றினார். எண்ணெய் ஓடுகிற நாலு ஹோஸையும் உருவினார். லோடரை வண்டியோடு பிணைக்கிற இரண்டு இரும்புப் பின்னையும் பிடுங்கி லோடரின் மேலேயே வைத்தார். பிறகு வண்டியைப் பின்னால் எடுத்து, வந்த வழியே போய்விட்டார். லோடர் மட்டும் முற்றத்தின் ஒத்த நடுவில் நின்றது. ஐந்து ஆள் சேர்ந்தாலும் அது நகராது. பெண் பிஜி நிலவிளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கெட்டைச் சுற்றித்தான் வீட்டுக்குள் போனாள். கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தை எடுத்தாலும் ஓரத்தில் பக்கெட்டின் ஒரு பல்லாவது தெரியும்.

"அவனுக்க சாமானை அவனுக்க முற்றத்தில வச்சேன். அதில என்ன தப்பு" என்றார் தாணுமாலயன்.

"எனக்க மருமக காலெடுத்து வைக்கிற எடத்தில கொண்டு போட்டாரே" என்றான் நாகேஸ்வரன்.

அதன்பின் மூன்று வருஷம். இவர் இரண்டு கூலியாளை வைத்து மண்வெட்டியால் அள்ளினார். அவன் தன் முற்றத்தில் பைகளில் கையால் மண் நிறைத்து விற்றான். பிஜி நெய்யாற்றின்கரைப் பெண், மலையாளம் படித்தவள், கெட்டிக்காரி. சும்மா கிடக்கிறதே என்று பக்கெட்டில் மண் கொட்டிப் பச்சைமிளகாய் நட்டுவிட்டாள்.

இந்த வருஷம் அஞ்சுவுக்கு வரன் அமைந்தது. பையனுக்கு வலியசாலைப் பக்கம் வீடு, சொந்த ஊர் நாகர்கோவில். நிச்சயதாம்பூலம் பெண் வீட்டில், ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. இவர்கள் வழக்கத்தில் பெண்ணுக்காக மாப்பிள்ளை வீட்டுத் தாம்பூலத் தட்டை முதலில் கை நீட்டி வாங்குகிறவன் தாய்மாமன். நாகேஸ்வரன் இல்லாமல் யார் வாங்குவது? சித்தப்பா பெரியப்பா மக்களில் ஒருவரை நிறுத்தலாம், ஆனால் வந்தவர்கள் "சொந்தத் தாய்மாமன் உண்டுமே, எங்க?" என்று கேட்பார்கள். பகவதிக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி வந்து தட்டைத் தொட வேண்டும். அவள் மனசில் அப்போது இருந்தது அந்த ஒன்றுதான்.

கார்டு அடித்தாயிற்று, தாய்மாமன் என்று போட்டு அவன் பேரும் இருந்தது. பகவதி ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மூன்றாம் வளைவுக்குப் போனாள்.

"அத்தான் ஒன்னைக் கண்டிப்பா வரச் சொன்னாவ" என்றாள்.

நாகேஸ்வரன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா, ஒண்ணு சொல்லட்டா? மூணு வருஷமா நீ கொண்டுவந்த பேச்சில எது அவரு சொன்னது, எது நீ சொன்னதுன்னு எனக்கு ஒரு நாளும் தெரியல்ல. இதையும் நீதான் சொல்லுகே."

"நான் பொய்யா சொல்லுகேன்?"

"பொய் இல்ல. இனிப்பு கூடுதல்." அவன் சிரிக்கவில்லை. "நாலு பேருக்கு முன்னால வேண்டாம். எனக்கு மட்டும் கேட்டா மதி, அது போதும். 'நாகேசா, வாடே'ன்னு அவரு வாயால ஒரு வார்த்தை. இல்லேன்னா நான் வாறதுக்கு இல்ல."

பகவதி திரும்பி நடந்தாள். அன்றைக்கு அந்த இடவழி முடியவே இல்லை. வார்த்தையைக் களைந்து களைந்து இரண்டு வீட்டையும் காப்பாற்றினோம் என்று இருந்தாளே, அந்தக் களைதலால்தான் இப்போது நல்ல வார்த்தையும் செல்லாமல் போயிற்று.

புருஷனிடம் சொன்னாள். முதல் தடவையாக ஒன்றும் களையாமல் சொன்னாள்.

"கார்டுல பேரு போட்டிருக்கில்லா" என்றார் அவர்.

"வாயால கூப்பிடணுமாம்."

"எனக்க வாயி சாணி வண்டிக்காரன் வாயி. அவனுக்கு அது பிடிக்காது."

பேச்சு அதோடு நின்றது. அந்த வாரம் ஐப்பசி அடைமழை, துலாவர்ஷம், கொட்டித் தீர்த்தது. வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால், வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த செம்மண் திட்டு சரிந்து முற்றம் பூராவும் கிடக்கிறது. பந்தல் போட வேண்டிய இடத்தில் முட்டளவு சகதி. நிச்சயத்துக்கு ஒன்பது நாள். ஜேசிபிக்காரன் வந்து முதல் வளைவைப் பார்த்துவிட்டு, "சேச்சி, இது இங்க திரும்பாது" என்று போய்விட்டான். கூலியாட்கள் இரண்டு பேரும் மூன்று நாள் அள்ளினார்கள். ஒரு மூலை தெரிந்தது, மறுநாள் மழைக்கு அதுவும் மூடியது.

செவ்வாய்க்கிழமை தாணுமாலயன் காபியை வைத்துக்கொண்டு வெகுநேரம் சகதியைப் பார்த்தார். பிறகு, "லோடர் வேணும்னு சொல்லு" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை.

நாகேஸ்வரனின் பதில் உடனே வந்தது: "எடுத்துக்கிடட்டும். அஞ்சுவுக்க காரியம், நான் தடுக்க மாட்டேன். மாட்ட ஆளு வேணும்லா, நானும் நிக்கேன். ஆனா அது வேற, ஞாயித்துக்கிழமை வேற."

புதன்கிழமை காலையில் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. தாணுமாலயன் டிராக்டரை எடுத்துக்கொண்டு மூன்றாம் வளைவுக்குப் போனார். பகவதி பின்னாலேயே நடந்து போனாள். அந்த முற்றத்தில் அவர் கால் வைத்து மூன்று வருஷம் ஆகிறது.

பிஜி முந்தின நாளே மிளகாய்ச் செடிகளைப் பைகளுக்கு மாற்றியிருந்தாள். விபின் பக்கெட்டைக் கழுவிவிட்டு ஆபீசுக்குப் போயிருந்தான். லோடர் அதே இடத்தில் இருந்தது. நாகேஸ்வரன் அதன் அருகில் சுத்தியலும் கம்பிப்பாரையும் வைத்துக்கொண்டு, டிராக்டரைப் பார்க்காமல் ரப்பர் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தாணுமாலயன் இறங்கி லோடரைச் சுற்றி வந்தார். இரும்புக் கைகளில் மேலிருந்து கீழ்வரைக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. ஒரு வருஷத்துப் பொட்டு இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வருஷத்துப் பொட்டு.

"இது என்ன கோலம்னு கேளு" என்றார் பகவதியிடம்.

நாகேஸ்வரன் ஆறு அடி தள்ளித்தான் நின்றான். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் பகவதி திரும்பினாள். "தம்பி, பூசை வச்சிருக்கியான்னு கேக்காவ."

"ஆயுத பூசைக்கு வைக்காம? மனுசனுக்குத்தான் வீம்பு, இரும்பு என்ன செய்தது? சொல்லு."

"பூசை வச்சானாம்" என்றாள் பகவதி.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் தாணுமாலயன் டிராக்டரைக் கழுவிப் பொட்டு வைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். முன்னால் லோடர் உட்காருகிற இரண்டு கவைகளும் வெறுமையாக இருக்கும். அவற்றுக்கும் தலைக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பாதி வண்டிக்கு இங்கே பூசை, பாதி வண்டிக்கு அங்கே பூசை. இதை அவள் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்ல.

வேலை ஆரம்பித்தது. டிராக்டரை லோடரின் இரண்டு கைகளுக்கும் நடுவே மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், அதன் கால்கள் வண்டியின் கவைகளில் வந்து முட்டுகிறபடி நிறுத்த வேண்டும். ஒரு விரல் விலகினாலும் உட்காராது. மூன்று மழைக்காலத்தில் ஒரு பக்கத்து முட்டுக்கால் நாலு விரல் பூமியில் இறங்கிப்போய், லோடர் சாய்ந்து நின்றது. நாகேஸ்வரன் கம்பிப்பாரையால் நெம்பி, ஒரு தென்னந்தடித் துண்டை அடியில் கொடுத்தான். பிறகு கையைக் காட்டி, "இடத்தோட்டு வரச் சொல்லு" என்றான்.

"இடது பக்கம் வரணுமாம்" என்றாள் பகவதி.

தாணுமாலயன் தன் இடது பக்கம் ஒடித்தார். அவன் வண்டியைப் பார்த்து நிற்கிறான். அவன் சொன்னது அவனுடைய இடது. டிராக்டரின் முன்சக்கரம் இரும்பில் உரசியது.

"அவருக்கு இடதும் வலதும் மறந்துபோச்சான்னு கேளு."

"கொஞ்சம் பின்னால எடுக்கச் சொல்லுகான்" என்றாள் பகவதி.

"அவன் சொன்னது எனக்குக் கேட்டுட்டு" என்றார் தாணுமாலயன்.

நாலாம் தடவை வண்டி சரியாகப் போய் நின்றது. எஞ்சினை நிறுத்தினார். அடுத்தது ஹோஸ். நாலு ஹோஸ் உண்டு: இரண்டு கையைத் தூக்கி இறக்க, இரண்டு பக்கெட்டைக் கவிழ்த்து நிமிர்த்த. எது எங்கே என்று தெரிவதற்கு ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிற வளையம். நாகேஸ்வரன் நுனியில் கட்டியிருந்த பால் கவர்களை அவிழ்த்தான். நாலு கழுத்தும் ஒரே நிறமாக இருந்தது. பூசைக்குப் பூசை வைத்த குங்குமம் எண்ணெயோடு சேர்ந்து, மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, வளையம் எது பொட்டு எது என்று தெரியவில்லை.

"கலர் பாத்து மாட்டச் சொல்லு" என்றார் தாணுமாலயன்.

"கலர் எல்லாம் சாமிக்குப் போச்சு. நான் ஓர்மை வச்சு மாட்டுகேன்னு சொல்லு."

ஹோஸ் உள்ளே போகவும் இல்லை. காலை வெயிலில் உள்ளிருந்த எண்ணெய் சூடாகி அழுத்திக்கொண்டிருந்தது. நாகேஸ்வரன் நுனியில் துணி சுற்றி ஒரு மரக்கட்டையில் வைத்து அமுக்கினான். எண்ணெய் பீறிட்டு அவன் சட்டையில் அடித்தது. நாலையும் அப்படியே செய்து, பழைய ஞாபகத்தை வைத்து மாட்டினான். பிறகு ஒரு பக்கத்துப் பின்னைத் துளையில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. போய்விட்டது. மறுபக்கத்துத் துளை ஒரு விரல் தாழ்ந்து நின்றது.

"எஞ்சினைப் போட்டு, ஒரு விரலு தூக்கச் சொல்லு."

தாணுமாலயன் ஸ்டார்ட் பண்ணி லீவரை மெல்லத் தொட்டார். கை தூக்கவில்லை, பக்கெட் கவிழ்ந்தது. அது தரையில் ஊன்றியதும் லோடர் முழுதும் ஓர் உதறு உதறி, தென்னந்தடி தெறித்து பகவதியின் கால் பக்கத்தில் வந்து விழுந்தது. அவள் இரண்டு எட்டு பின்னால் போனாள்.

"ஹோஸை மாத்தி மாட்டியிருக்கான். கண்ணு போச்சான்னு கேளு."

"லீவரைப் பிடிச்சு வலிச்சது ஆருன்னு கேளு."

"மருமகளுக்கு வழி காட்டத் தெரியும், வண்டிக்கு ஹோஸ் மாட்டத் தெரியாதான்னு கேளு."

"சாணி வண்டிக்கு இம்புட்டு வீம்பான்னு கேளு."

இரண்டும் பகவதியின் முகத்துக்குத்தான் வந்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவள் களைய ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் இரண்டும் பச்சையாகக் கேட்டாயிற்று.

"எஞ்சினை நிறுத்துங்க" என்றாள் புருஷனிடம். அவள் குரலைக் கேட்டு அவர் நிறுத்தினார்.

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டுச்சு இல்லியா? ரெண்டு பேருக்கும் ரெண்டும் கேட்டுச்சு. செவிடு யாரும் இல்ல இங்க. பின்ன எதுக்கு நான் நடுவில? மூணு வருஷமா ஒங்க பேச்சை நல்ல பேச்சா ஆக்கி ஆக்கி, இப்ப நான் சொன்னா எனக்க தம்பிக்கே நம்பிக்கை இல்ல. நியாயந்தான். இனி நான் ஆருக்கும் ஒண்ணும் சொல்லப்போறது இல்ல. மாட்டுங்க, இல்ல இப்படியே ஒத்தக் காலில நிக்கட்டும்."

சொல்லிவிட்டு நேரே தம்பியின் அடுக்களைக்குள் போய்விட்டாள். பிஜி வாசலில் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒதுங்கி வழிவிட்டாள்.

"அத்தே, சாயா எடுக்கட்டே?"

"எடு மக்கா."

பகவதி ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாளைக்கு மறுநாள் பந்தல்காரன் வருவான். முற்றத்தில் சகதி. ஞாயிற்றுக்கிழமை தட்டு. எல்லாவற்றையும் ஒரு பின்னில் தொங்கவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோமே. எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. போகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

வெளியே இவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பார்த்தார். அவன் சுத்தியலைப் பார்த்தான். பிறகு நாகேஸ்வரன் ஹோஸ்களை உருவி மாற்றி மாட்டினான். நிமிர்ந்து, லோடரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, லோடரிடமே பேசினான்:

"லோடரே, ஒரு விரலு மேல வா."

தாணுமாலயன் எஞ்சினைப் போட்டு லீவரைத் தொட்டார். லோடர் ஒரு விரல் மேலே வந்தது.

"இன்னும் ஒரு நூலு."

வந்தது.

பிஜி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பகவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மனுசனை விட்டு இரும்புகிட்ட பேசுகான் பாரு" என்றாள்.

துளை ஒத்து வந்த மாதிரி இருந்தது. ஆனால் பின் ஏறவில்லை. உள்ளே என்னவோ தடுத்தது. நாகேஸ்வரன் குனிந்து, மண் அடைத்திருக்கிறதா என்று துளைக்குள் விரலை விட்டான். அந்த நேரத்தில் தாணுமாலயனின் கை லீவர் பக்கம் நகர்ந்தது.

"அத்தான், தொடாதீங்க. கை உள்ள இருக்கு."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். தாணுமாலயன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கையை மட்டும் இறக்கி எஞ்சினை நிறுத்தினார். வண்டியை விட்டு இறங்கிச் சுற்றி வந்தார்.

"விரலைக் காட்டு."

"ஒண்ணும் இல்ல."

"காட்டுலே."

நாகேஸ்வரன் காட்டினான். விரலில் மண்தான் இருந்தது.

"விரலை விட்டா பாக்குறது? கம்பி இல்லியா, குச்சி இல்லியா? கரமனையில சைக்கிள் செயினில விட்டது இந்த விரலு தானே? ஒன்ன ஜெனரல் ஆஸ்பத்திரிக்குத் தோளில போட்டுக்கிட்டு ஓடினது எனக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சியா?"

"அது மத்த விரலு" என்றான் நாகேஸ்வரன்.

"எந்த விரலா இருந்தா என்ன."

ஒரு ஈர்க்குச்சியை ஒடித்து அவரே துளையைக் குத்தினார். பழைய குங்குமமும் மண்ணும் கட்டியாக வந்து விழுந்தது. மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

"மேல," என்றான் நாகேஸ்வரன். "இன்னும். நிறுத்துங்க. ஒரு மசுரு கீழ. மதி."

சுத்தியல் ஒரு தடவை விழுந்தது. பின் போய் உட்கார்ந்தது. அவன் கிளிப்பை மாட்டி, முட்டுக்கால்களை மடக்கினான். தாணுமாலயன் லீவரை இழுத்தார். மூன்று வருஷமாகத் தரையில் கிடந்த பக்கெட் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அது கிடந்த இடத்தில் புல் இல்லாத ஒரு சதுரம் தெரிந்தது.

தாணுமாலயன் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கியர் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாகேஸ்வரன் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். அடுக்களையில் பகவதி சாயாவைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு அவிய வருவாவ" என்றார் தாணுமாலயன், பக்கெட்டைப் பார்த்தபடி.

"கார்டுல பாத்தேன்."

"கார்டு கெடக்கட்டும். நாகேசா, நீ வா. வந்து தட்டை வாங்கு. எனக்கு வேற மச்சினன் இல்ல."

நாகேஸ்வரன் துணியை மடித்தான், விரித்தான், திரும்ப மடித்தான். "அக்காகிட்ட சொல்லி விட்டிருந்தா மதியே" என்றான்.

"ஒனக்க அக்கா வேலைய ராஜினாமா செய்திட்டுப் போயிட்டா. பாத்தேல்லா. நானே சொல்ல வேண்டியதாப் போச்சு."

"அன்னைக்கு நான் சொன்னது..."

"விடு. சாணி அள்ளுற வண்டிதான் அது." கியரைப் போட்டார். "ஆனா எனக்க வண்டியாக்கும்."

"வண்டிதான் ஒங்கது. லோடர் எனக்க."

"பின்ன லோடர்காரன் வந்து மண்ணைத் தள்ளு. நான் ஒத்தைக்கா நின்னு தள்ளுவேன்?"

நாகேஸ்வரன் செருப்பைக்கூடத் தேடவில்லை. பின்னால் இரும்புத் தட்டில் ஏறி நின்றுகொண்டான். வண்டி பக்கெட்டைத் தூக்கிப் பிடித்தபடி இடவழியில் இறங்கிப் போயிற்று. பகவதி முகத்தைக் கழுவிக்கொண்டு கொஞ்சம் பின்னால் நடந்தாள். பிஜியும் கூட வந்தாள்.

இவர்கள் முதல் வளைவு போய்ச் சேருவதற்குள் அங்கே சண்டை ஆரம்பித்திருந்தது. தாணுமாலயன் மண்ணைக் கிணற்றுக்குப் பின்னால் கொட்ட வேண்டும் என்கிறார். நாகேஸ்வரன் பலாமரத்தடியில் கொட்ட வேண்டும் என்கிறான்.

"கெணத்துப் பக்கம் கொட்டினா அடுத்த மழைக்குத் திரும்பி வரும், அத்தான்."

"நீ என்ன இஞ்சினீயரா?"

"இஞ்சினீயர் வேண்டாம், கண்ணு இருந்தா மதி."

"கண்ணைப் பத்தி நீ பேசாதே. ஹோஸ் மாட்டின கண்ணு."

கூலியாட்கள் இரண்டு பேரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். பகவதி அவர்களைக் கடந்து வீட்டுக்குள் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்க வேண்டிய சாமான்களை அஞ்சு எழுதிவைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பிஜியிடம் கொடுத்து, வாசிக்கச் சொன்னாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், கற்கண்டு என்று பிஜி திக்கித் திக்கித் தமிழ் வாசித்தாள்.

"பகவதி, ஒனக்க தம்பி சொல்லுகதைக் கேட்டியா?" என்று முற்றத்திலிருந்து தாணுமாலயனின் குரல் வந்தது.

பகவதி எழுந்திருக்கவில்லை. "கற்கண்டு எத்தனை?" என்று பிஜியைக் கேட்டாள்.

வெளியே எஞ்சின் ஒரு தடவை உறுமி அடங்கியது. பிறகு அவரே, "செரி, ஒனக்கு என்ன தோணுகு, வந்து காட்டுடே" என்றார்.

சாயங்காலம் முற்றம் தெரிந்தது. மண் பலாமரத்தடியிலும் கிடந்தது, கிணற்றுக்குப் பின்னாலும் கிடந்தது. எப்படி முடிவு செய்தார்கள் என்று பகவதிக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.